பள்ளி டிராக்கில் ஓட ஆசையா? பூட்டிலிருந்து ஆரம்பிப்போம்

எங்கள் ஓட்டக் குழுவில் சாவி என்னிடம்தான் இருக்கிறது. திங்கள், புதன், சனி மூன்று நாளும் விடிவதற்கு முன் ஒரு பள்ளியின் பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறேன். 14 பேர் உள்ளே வருகிறார்கள். எல்லோரும் போன பிறகு கடைசியாக நான் வெளியே வந்து, சங்கிலியைச் சுற்றி, பூட்டை அழுத்தி, அதைப் பிடித்து இரண்டு முறை கீழே இழுத்துப் பார்க்கிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். முதல் இழுப்பு பூட்டுக்காக. இரண்டாவது, நான் பண்ணிய ஒரு தப்புக்காக.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை அவசரமாகக் கிளம்பினேன். சங்கிலியைச் சுற்றினேன், பூட்டை மாட்டினேன், அது விழுந்த சத்தம் கேட்டதா என்று கவனிக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தால் பூட்டிய மாதிரியேதான் இருந்திருக்கும். திங்கட்கிழமை இருட்டில் வந்து பார்த்தால் சங்கிலி தரையில் கிடக்கிறது. டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் வளைவில், சிவப்புத் தளத்தின் மேல், கறுப்பாக வட்ட வட்டமாக டயர் தடம். யாரோ இருசக்கர வண்டியைக் கொண்டுவந்து சுழற்றி விளையாடியிருக்கிறார்கள். நீளம் தாண்டும் மணல் குழியில் சக்கரம் புதைந்து, ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தது.

நானே போய்ச் சொன்னேன். அன்றோடு அனுமதி முடிந்தது. 8 மாதம் சாலையில் ஓடினோம். அதைவிட எனக்கு வலித்தது வேறு. எங்களை உள்ளே விட்டது அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர். “வாங்க, ஓடுங்க, யாரு வேணாம்னு சொல்லப்போறா” என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் தனியாக நின்றார். எங்களுக்கு நல்லது செய்தவரை நாங்களே மாட்டிவிட்டோம்.

ஆக, அனுமதியை ஒரு முறை வாங்கி, தொலைத்து, திரும்பவும் வாங்கியவள் எழுதுவது இது.

கேட்பதற்கு முன்

கதவு திறந்து கிடப்பது அனுமதி ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாக உள்ளே நடக்கிறார் என்பதும் ஆகாது. முதலில் கதவருகே பலகை இருக்கிறதா பாருங்கள். சில பள்ளிகளில் பொதுமக்களுக்கான நேரம் ஏற்கெனவே எழுதியே இருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அடுத்து, மைதானம் உண்மையில் யாருடையது என்று விசாரியுங்கள். பள்ளிக்குள் இருந்தாலும் நிலம் உள்ளாட்சியுடையதாகவோ வேறொரு நிர்வாகத்துடையதாகவோ இருக்கலாம். தலைமையாசிரியர் சரி என்று சொன்ன பிறகு, “அதை அவர் சொல்ல முடியாது” என்று இன்னொருவர் வந்து நின்றால் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

மைதானம் எப்போதெல்லாம் சும்மா இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதற்காக ஆரம்பத்தில் நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்புறம் நின்று நேரம் குறித்தேன். பள்ளிக்கு எதிரே நின்றுகொண்டு பிள்ளைகள் வருவதையும் போவதையும் எழுதிவைக்கும் ஆள் எப்படித் தெரிவார் என்று, காவலாளி வந்து “என்னம்மா வேணும்?” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நேராக அவரிடமே கேட்டால் போதும். எந்த நாளில் அணிப் பயிற்சி, எப்போது தண்ணீர் அடிப்பார்கள், முதல் பிள்ளை எத்தனை மணிக்கு வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

யாரிடம் போவது? கையெழுத்துப் போடுவது தலைமையாசிரியராக இருக்கலாம். ஆனால் போடலாமா என்று அவர் திரும்பிப் பார்ப்பது உடற்கல்வி ஆசிரியரை. மைதானத்தை நாள் பூராவும் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருந்தால் அவரையும். இந்த இரண்டு பேருக்கும் தெரியாமல் மேலிருந்து வாங்கி வந்த அனுமதி பெயருக்குத்தான் இருக்கும். கதவு திறக்க வேண்டிய நேரத்தில் சாவி காணாமல் போகும், அவ்வளவுதான்.

கடிதம்

வாய்வார்த்தை வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், உங்களுக்குச் சரி என்று சொல்லப்போகிறவருக்காக.

இரண்டாம் முறை கேட்டபோது முதலில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். உடல்நலம், சமூகம், நடுத்தர வயதில் உடற்பயிற்சியின் அவசியம் என்று அருமையாக வந்திருந்தது. அனுப்புவதற்கு முன் குழுவில் ஒருவர் படித்துவிட்டு, “அக்கா, இதுல நமக்கு என்ன கிடைக்கும்னுதான் இருக்கு. அவங்களுக்கு என்ன பயம்னு ஒரு வரிகூட இல்லையே” என்றார். கிழித்துப் போட்டேன். அப்புறம் எழுதியது ஒரே பக்கம். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

“வாரம் மூன்று நாள், காலை 5.15 முதல் 6.45 வரை. முதல் மாணவர் வளாகத்துக்குள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே நாங்கள் வெளியேறிவிடுவோம். மொத்தம் 14 பேர். பெயர், முகவரி, தொலைபேசி எண் இணைப்பில் உள்ளன. பட்டியலில் இல்லாத யாரும் எங்களோடு உள்ளே வர மாட்டார்கள். கதவைத் திறப்பதற்கும் பூட்டுவதற்கும் நான் ஒருத்தியே பொறுப்பு. டிராக்கும் பக்கவாட்டுக் கதவும் தவிர வேறு எதையும் பயன்படுத்த மாட்டோம். தேர்வு, விளையாட்டு விழா, பராமரிப்பு என்று நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் நாளில் வர மாட்டோம். காரணம் கேட்க மாட்டோம். சேதம் ஏற்பட்டால் அன்றே தெரிவிப்போம். சரிசெய்யும் செலவு எங்களுடையது. மூன்று மாதம் முயற்சியாக அனுமதியுங்கள். அதன்பின் தொடரலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.”

முன்பு நடந்ததையும் மறைக்காமல் இரண்டு வரியில் எழுதினேன். எப்படியும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மூன்று மாதம்’. காலவரையின்றிக் கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். மூன்று மாதம் என்றால், பிடிக்காவிட்டால் தானாக முடிந்துவிடும், யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு மூன்று மாதம் ஆறு மாதமாகி, இப்போது வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறோம்.

நேரில் பேசும்போது காப்பீடு பற்றிய கேள்வி வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். பள்ளி எடுத்திருக்கும் காப்பீடு வெளியாட்களுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றால் குழுவாக ஒன்று எடுக்க முடியுமா? ‘என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன்’ என்று ஆளுக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் தாள் எல்லாவற்றிலிருந்தும் பள்ளியைக் காப்பாற்றிவிடும் என்று நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள். அது சட்டம் தெரிந்தவர் பார்க்க வேண்டிய விஷயம்.

பதிலுக்கு என்ன கொடுக்கலாம் என்றும் யோசித்து வையுங்கள். நாங்கள் உழைப்பைக் கொடுத்தோம். விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் மணல் குழியைக் கிளறி, கல் பொறுக்கி, சமப்படுத்துகிறோம். அந்தக் குழிக்கு நான் பட்ட கடன் அது.

பிள்ளைகள் விஷயம்

இதை ஓடுகிறவர்கள் பலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். “நாங்க என்ன பண்ணிடப்போறோம்?” என்பார்கள். நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ தெரியாது. அவர்கள் கண்ணுக்குப் பள்ளி வளாகத்துக்குள் 14 அந்நியர்கள். நான் பெற்றோராக இருந்தால் இதைவிடக் கறாராகக் கேட்பேன்.

எங்கள் வழக்கம் இது: பிள்ளைகள் இருக்கும் நேரமும் எங்கள் நேரமும் ஒட்டவே கூடாது. அதனால்தான் நடுவில் அரை மணி நேர இடைவெளி. உள்ளே இருக்கும் கழிவறையையும் உடைமாற்றும் அறையையும் தொடுவதில்லை, வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறோம். டிராக்கில் யாரும் படம் எடுப்பதில்லை. பிள்ளை யாரும் இல்லாத நேரம்தானே என்று ஒருவர் கேட்டார். ஒரு முறை அனுமதித்தால் எது யார் எடுத்தது என்ற கணக்கு எனக்கு வேண்டாம் என்றேன். போட்டிக்குத் தயாராகும் மாணவி ஒருத்தி அபூர்வமாகச் சீக்கிரம் வந்துவிட்டால், நாங்கள் ஓட்டத்தை நிறுத்தி வெளியேறுகிறோம். “கையை இப்படி வீசும்மா” என்று சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும். அவளுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார்.

உள்ளே வந்த பிறகு: லேன்

முதல் நாள் எல்லோரும் செய்யும் தப்பு, கதவுக்குள் நுழைந்ததும் நேராக உள் ஓரத்துக்குப் போய் நாலு பேராகக் கைகோக்காத குறையாக நடப்பது. உள் ஓரம், அதாவது 1-ஆவது லேன், நேரம் பார்த்து வேகமாக ஓடுபவருக்கு. உடம்பைச் சூடாக்க மெதுவாக ஓடுபவர்களும் நடப்பவர்களும் வெளி லேன்களில். இதில் பள்ளிக்கும் லாபம் இருக்கிறது. எல்லா டிராக்கிலும் முதலில் தேய்வது 1-ஆவது லேன்தான். நாம் தினமும் அங்கேயே மெதுவோட்டம் ஓடினால், பிள்ளைகள் பந்தயம் ஓட வேண்டிய இடத்தை நாம் தேய்க்கிறோம். சில பள்ளிகள் உள் லேன்கள் இரண்டையும் வெளியாட்களுக்குக் கொடுப்பதே இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

திசை, இடது கை உட்புறம் இருக்குமாறு. 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கில் வலப்புறமாகத்தான் ஓடினார்கள். பிறகு இடப்புறம் என்று நிலைத்துவிட்டது. முந்துவது எப்போதும் வெளிப்பக்கமாக, அதாவது முன்னால் ஓடுபவரின் வலப்புறமாக. பின்னாலிருந்து “டிராக்!” என்று, அதாவது ‘முந்தப்போகிறேன்’ என்று குரல் வந்தால் பதறி உள்ளே வெளியே தாவாதீர்கள். இருக்கும் கோட்டிலேயே நேராகப் போங்கள். வேகச் சுற்று முடிந்த களைப்பில் கோட்டின் மேலேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு ஆபத்து. பின்னால் வருபவர் முழு வேகத்தில் வருகிறார். தள்ளாடினாலும் பரவாயில்லை, இரண்டு லேன் தள்ளிப்போய்த் தள்ளாடுங்கள். டிராக்கைக் குறுக்கே கடப்பதற்கு முன் சாலையைக் கடப்பது போல இரு பக்கமும் பாருங்கள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எங்கள் குழுவில் ஒரே விதி: ஒரு காது திறந்திருக்க வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த இடம், கணக்கு. கணக்கு எழுதிப் பிழைத்தவள் நான்.

எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், மாதக்கணக்காகச் சனிக்கிழமைகளில் 25 சுற்று ஓடிவிட்டு, “10 கிலோமீட்டர் முடிந்தது, ஆனால் சாலையில் ஓடுவதைவிட டிராக்கில் மெதுவாகிவிடுகிறேன்” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் பத்தரை கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. கடிகாரம் பழுது என்று முடிவு கட்டியிருந்தார். ஒரு நாள் அவர் ஓடுவதை உட்கார்ந்து பார்த்தேன். யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று நல்ல பிள்ளையாக 4-ஆவது லேனில் போய்க்கொண்டிருந்தார்.

முறையான டிராக்கில் 400 மீட்டர் என்பது 1-ஆவது லேனுக்கு மட்டும்தான். அதுவும் உள் விளிம்பின் மேலேயே ஓடினால் கிடைக்காது. உயர்த்திக் கட்டிய விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தால்தான் 400. 2-ஆவது லேனிலிருந்து, உட்கோட்டுக்கு 20 செ.மீ. தள்ளி அளப்பார்கள். லேன் அகலம் 1.22 மீட்டர். அந்தக் கணக்குப்படி 2-ஆவது லேனில் ஒரு சுற்று 407.04 மீட்டர், 3-ஆவதில் 414.70, 4-ஆவதில் 422.37, 8-ஆவதில் 453.03. நம் ஆள் 4-ஆவது லேனில் 25 சுற்று போட்டால் 10,559 மீட்டர். வாராவாரம் அரை கிலோமீட்டருக்கு மேல் இலவசமாக ஓடிவிட்டு, நேரம் போதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். 4-ஆவது லேனில் 10 கிலோமீட்டர் வேண்டுமானால் 23 சுற்று முடித்து இன்னும் 285 மீட்டர் போனால் போதும். அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கடிகாரத்தைத் துடைத்தார்.

இன்னொரு வேடிக்கை. 2-ஆவது லேனுக்கு அப்பால், ஒரு லேன் வெளியே போனால் கூடும் தூரம் 7.67 மீட்டர். அது 400 மீட்டர் டிராக்கிலும் அதேதான், 200 மீட்டர் மைதானத்திலும் அதேதான். ஏனென்றால் நேர்ப்பகுதி எத்தனை நீளமானாலும் எந்த லேனிலும் ஒன்றே. வளைவுகள் இரண்டும் சேர்ந்து எப்போதும் ஒரு முழு வட்டம். ஆரம் 1.22 கூடினால் சுற்றளவு 2 × 3.1416 × 1.22 கூடும். லேன் கோடே இல்லாத மைதானத்தில், உள் ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடுகிறீர்கள் என்றால் சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடுதல் என்று மனதில் வையுங்கள்.

மண் மைதானத்தை அளக்க

எல்லாப் பள்ளியிலும் சிவப்பு டிராக் இருக்காது. நான் ஓடப் பழகியதே வேறொரு பள்ளியின் மண் மைதானத்தில், 47 வயதில். ஒரு சுற்று 300 மீட்டர் என்று யாரோ சொன்னதை நம்பி, ஐந்து மாதம் எல்லோரிடமும் 10 சுற்று 3 கிலோமீட்டர் என்று பெருமையடித்தேன். நாடாவைப் போட்டபோது 286 வந்தது.

அளப்பது கடினமில்லை. 30 அல்லது 50 மீட்டர் நாடா, இரண்டு பேர், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. ஓடும் கோடு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளிம்பு கட்டியிருந்தால் அதிலிருந்து 30 செ.மீ., வெறும் கோடு என்றால் 20 செ.மீ. தள்ளி. நேர்ப்பகுதியில் நாடாவை இழுத்துப் பிடித்தால் போதும். வளைவில் நாடாவை நீளமாக இழுத்தால் அது குறுக்கே நேராகப் போய் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அங்கே இரண்டிரண்டு மீட்டராக, வளைவோடு பதித்து அளக்க வேண்டும். சக்கரம் வைத்த அளவுகோல் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். இரண்டு முறை அளந்து இரண்டும் ஒரு மீட்டருக்குள் ஒத்துப்போனால் நிறுத்துங்கள். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை நம்பி அளக்காதீர்கள். சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடும்போது அது வளைவுகளை வெட்டியும் நீட்டியும்தான் பதியும். டிராக்குக்கென்று தனி முறை உள்ள கடிகாரம் என்றால் நல்லது, ஆனால் அதற்கும் எந்த லேன் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

சின்ன மைதானத்தில் வளைவு கூர்மையாக இருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் கணுக்காலும் இடுப்பும் முனகும். பாதி நேரம் திசை மாற்றி ஓடலாம், ஆனால் மைதானத்தில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். “எனக்கு முழங்கால் வலி, நான் மட்டும் எதிர்த்திசை” என்று இருட்டில் ஒருவர் எதிரே வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைக்குப் பிறகு மண்ணைக் குதிகாலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் திரும்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். இன்று நீங்கள் பதிக்கும் தடம் நாளை காய்ந்து கல்லாகி ஒரு பிள்ளையின் கணுக்காலைத் திருப்பும்.

செயற்கைத் தளம்

1968-இல் மெக்ஸிகோ நகரில் ஒலிம்பிக் ஓட்டங்கள் முதல் முறையாகச் செயற்கைத் தளத்தில் நடந்தன. அதற்கு முன்பு கரித்தூளும் மண்ணும்தான். பெரும்பாலும் பாலியூரிதேனும் ரப்பர் துகளும் சேர்த்துப் போடும் இந்தத் தளம் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும், வெட்டு விழுந்தால் அந்த இடத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். ஆணி வைத்த காலணிக்குச் சர்வதேச விதியில் உச்ச நீளம் 9 மி.மீ. பள்ளிகள் அதைவிடக் குறைவாக, 6 மி.மீ. என்றுகூட வைப்பதுண்டு. என் கருத்து, நம்மைப் போன்றவர்களுக்கு ஆணியே தேவையில்லை. சாதாரண ஓட்டக் காலணி போதும், அதையும் கதவருகே தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு உள்ளே வாருங்கள். மிதிவண்டி, குழந்தை தள்ளுவண்டி, குதிகால் கூரான செருப்பு, நாய், மடக்கு நாற்காலி எதுவும் தளத்தின் மேல் வேண்டாம். தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள், மற்றதெல்லாம் வெளியே. ஈரத்தில் வெள்ளைக் கோடுகளின் மேல் கால் வழுக்கும், வளைவில் அவற்றை மிதிக்காமல் ஓடுங்கள்.

ஓரத்தில் தாண்டும் தடைகளை அடுக்கியிருப்பார்கள். அவற்றைத் தொடாதீர்கள் என்று சொன்னால் கேட்காத ஆள் குழுவுக்கு ஒருவர் இருப்பார். அவருக்காகச் சொல்கிறேன். அதன் பாதங்கள் ஓடிவருபவரின் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கமிருந்து வந்து கால் இடித்தால் முன்னால் சாய்ந்துகொடுக்கும். எதிர்ப்பக்கமிருந்து வந்து இடித்தால் சாயாது, நீங்கள்தான் விழுவீர்கள்.

புதிதாக வருபவருக்கு ஒரு பயிற்சி

பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். 10 நிமிடம் வெளி லேனில் மெல்லோட்டம். பிறகு நேர்ப்பகுதியில் கொஞ்சம் வேகமாக, வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக, 6 சுற்று. முறையான டிராக்கில் நேர்ப்பகுதி 84 மீட்டர்தான், வளைவு 116 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஓய்வே அதிகம் கிடைக்கும், பயப்பட வேண்டாம். வேகம் சீராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு: கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் 1-ஆவது லேனில் ஒரு சுற்று 2 நிமிடம் 24 விநாடி, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 36 விநாடி. முதல் 100-ஐ 28-இல் பறந்துவிட்டுக் கடைசியில் தவழ்பவர்களுக்கு இது நல்ல மருந்து. சுற்று எண்ணுவதற்கு, ஒரு கையில் ரப்பர் வளையங்களைப் போட்டுக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக மறு கைக்கு மாற்றுங்கள். 12-க்கு மேல் எந்த மூளையும் சரியாக எண்ணுவதில்லை.

அடிபட்டால்

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஒருவர் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வெளியே போனால், பக்கவாட்டுக் கதவு ஒருவர் ஒருக்களித்து நுழையும் அகலம். பெரிய கதவின் சாவி காவலாளியிடம். அவர் எண் யாரிடமும் இல்லை. நல்லவேளை, வெறும் சுளுக்கு. மாரடைப்பாக இருந்திருந்தால்? அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: காவலாளி எண், அவசர வண்டி எந்தக் கதவு வழியாக வர வேண்டும், அந்தத் தெருவின் பெயர், ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரை அழைப்பது. பள்ளியில் இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி இருந்தால், அது எங்கே மாட்டியிருக்கிறது, விடியற்காலையில் அந்த அறை திறந்திருக்குமா என்று கேட்டு வையுங்கள். தனியாக ஓட யாரையும் உள்ளே விடுவதில்லை. குறைந்தது மூன்று பேர்: ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒருவர் கதவுக்கு ஓட.

பதினைந்தாவது ஆள்

அனுமதி நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் தலைவலி ஆரம்பிக்கும். நண்பர், நண்பரின் நண்பர், “ஒரு நாள் மட்டும்” என்று வருபவர். என் நாத்தனாரே இரண்டு தோழிகளை அழைத்துக்கொண்டு வந்து கதவருகே நின்றார். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, தோழிகள் பெயர் இல்லை. “அண்ணி, இவங்க என்ன திருடவா வந்திருக்காங்க?” என்றார். இல்லைதான். ஆனால் 14 என்று எழுதிக் கொடுத்த கை என்னுடையது. தோழிகளைச் சாலையிலேயே நிற்க வைத்துவிட்டு ஓடினோம். வீட்டில் இரண்டு வாரம் பேச்சு சுருங்கிப்போனது. மறுமாதம் பள்ளிக்கு எழுதி, இரண்டு பெயர் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கி, ஓட்டத்தை நிறுத்திவிட்ட இருவருக்குப் பதிலாக அவர்களைச் சேர்த்தேன்.

மறுத்துவிட்டால்

காரணம் சொன்னால் கவனமாகக் கேளுங்கள், வாதாடாதீர்கள். ஆள் இல்லை என்றால் விடுமுறை நாள் ஒன்று மட்டும் கேட்கலாம். வெளிச்சம் இல்லை என்றால் விடிந்த பிறகு வரும் நேரத்தைக் கேட்கலாம். டிராக் புதிது என்றால் ஒரு வருடம் கழித்துப் போகலாம். முன்பு யாரோ கெடுத்துவிட்டுப் போயிருந்தால், உங்களுக்கு என் அனுதாபம், அந்த ‘யாரோ’ எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் வேறு பள்ளி, கல்லூரி, பொது மைதானம் இருக்கிறதா பாருங்கள். சுவர் ஏறிக் குதிப்பது மட்டும் வேண்டாம். நீங்கள் குதித்த சுவரின் மேல் அடுத்த மாதம் முள்கம்பி வரும், அதற்கு அடுத்த மாதம் முறைப்படி கடிதம் எழுதும் நல்லவருக்கும் பதில் வராது.

கடைசியாக, சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போனால் என்ன செய்வது? எங்களிடம் இன்னொரு சாவி கிடையாது, செய்யவும் மாட்டோம். நான் போகும்போது குழுவில் ஒருவரிடம் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்குகிறேன். 6.45 ஆனதும் அவர் பூட்டின் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும். போன முறை 6.50 வரை வரவில்லை. அழைத்தேன்.

“பூட்டிட்டேன் அக்கா. கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு, அதான் படம் எடுக்கல.”

“இழுத்துப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எத்தனை தடவை?”

கொஞ்சம் அமைதி. பிறகு சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டது.